மூன்று முடிவுகளும் ஒரு மலையும்: நிறைவாக முடிந்த விஞ்ஞானப் புனைகதை திரும்பி வரலாமா?

நிறைவாக முடிந்துவிட்ட ஒரு விஞ்ஞானப் புனைகதைத் தொடரை மீண்டும் தொடங்கலாமா என்று கேட்டால், எழுதுகிறவரின் திறமையைப் பொறுத்தது என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. ஹட்டனில் மாதந்தோறும் கூடும் எங்கள் சிறிய வாசகர் குழுவிலும் முதலில் அந்த விடைதான் வந்தது. உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் அதை ஏற்கவில்லை. திறமைதான் காரணம் என்றால் திறமை மாறாத இடத்தில் விளைவும் மாறாதிருக்க வேண்டும், ஒரே எழுத்தாளர் முடிந்த கதைகளுக்குத் திரும்பிய சந்தர்ப்பங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் திறமைக்கு அப்பால் எது வேலை செய்கிறது என்பது தெரிந்துவிடும் என்றார். அத்தகைய ஆய்வுக்கு ஆர்தர் சி. கிளார்க்கைவிடப் பொருத்தமானவரை எங்களால் நினைக்க முடியவில்லை. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்து, 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் காலமான அவர், நிறைவான முடிவுகள் கொண்ட மூன்று நாவல்களை 1968இலும் 1973இலும் 1979இலும் வெளியிட்டார். முதலாவதற்குத் தனியாகத் திரும்பினார். இரண்டாவதற்கு இன்னொருவருடன் சேர்ந்து திரும்பினார். மூன்றாவதற்குத் திரும்பவேயில்லை. அந்த மூன்றாவது நாவல் எங்கள் சிவனொளிபாதமலையைப் பற்றியது என்பதும் இந்த வாசிப்பை நாங்கள் விடாமல் தொடர்ந்ததற்கு ஒரு காரணம்.

இந்தக் கட்டுரை அந்த வாசிப்பின் பதிவு. இதில் உள்ள முடிபுகள் என்னுடையவை. குழுவினர் மாறுபட்ட இடங்களை அந்தந்த இடத்திலேயே குறிப்பிட்டிருக்கிறேன்.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். முடிந்த கதை வேறு, நிறுத்தப்பட்ட கதை வேறு. ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடர் மூன்று பருவங்களோடு 1969இல் நிறுத்தப்பட்டது. டொக்டர் ஹூ 1989இல் நின்று 2005இல் மீண்டும் வந்தது. இவை முடிவை எட்டாமலே அறுந்து போனவை என்பதால் அவற்றைத் தொடர்வதற்கு எவரும் காரணம் சொல்லத் தேவையில்லை. தானே விரும்பிக் கதவைச் சாத்திய கதை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வியாழனுக்குத் திரும்பியது

‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ 1968இல் படமாகவும் நாவலாகவும் வெளிவந்தது. ஸ்டான்லி குப்ரிக்கின் படத்தில் டிஸ்கவரி என்ற விண்கலம் வியாழனுக்குப் போகிறது, கிளார்க்கின் நாவலிலோ சனியின் துணைக்கோளான இயாபெற்றஸுக்குப் போகிறது. இரண்டிலும் டேவிட் போமன் என்ற விண்வெளி வீரன் மனித நிலையைக் கடந்து நட்சத்திரக் குழந்தையாகப் பூமிக்கு வந்து நிற்பதோடு கதை முடிகிறது. கரிய கற்பலகை போன்ற பொருள்களை ஆங்காங்கே நாட்டி வைத்த அந்நிய அறிவினர் கடைசிவரை நேரில் காட்டப்படுவதில்லை. அடுத்து என்ன செய்வது என்பது அந்தக் குழந்தைக்கே இன்னும் தெரியவில்லை என்ற இடத்தில் நாவல் நிற்கிறது. இதைவிட உயரமான இடத்தில் ஒரு கதையை நிறுத்த முடியாது என்பதில் எங்கள் குழுவில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1982இல், ‘2010: ஒடிசி டூ’ வந்தது. இடையில் நடந்ததுதான் இங்கே முக்கியம். 1979 மார்ச்சில் வொயேஜர் 1 விண்கலமும் ஜூலையில் வொயேஜர் 2 விண்கலமும் வியாழனைக் கடந்து சென்றன. அதுவரை தொலைநோக்கியில் ஒளிப்புள்ளிகளாகத் தெரிந்த துணைக்கோள்கள் தனித்தனி உலகங்களாயின. அயோவில் எரிமலைகள் குமுறிக்கொண்டிருந்தன. யூரோப்பா முழுவதும் பனிக்கட்டியால் மூடி, மேற்பரப்பெங்கும் கீறல் விழுந்து கிடந்தது. வியாழனின் ஈர்ப்பு அந்தத் துணைக்கோளை ஓயாமல் பிசைவதால் உள்ளே வெப்பம் பிறக்கிறது, ஆகவே பனிக்கு அடியில் நீர் திரவமாகவே இருக்கக்கூடும் என்ற கருத்து வலுப்பெற்றது. நீர் இருந்தால் உயிரும் இருக்குமோ என்ற கேள்வியை 1968இல் கேட்பதற்கு எவரிடமும் ஆதாரம் இருக்கவில்லை. கிளார்க் அதைக் கேட்கும் பொருட்டுத் தம் நாவலில் எழுதிய சனியையே கைவிட்டு, படத்தின் வியாழனை உண்மையாக வைத்துக்கொண்டு புதிய நாவலைத் தொடங்கினார். தம் பழைய நூலோடு முரண்படுவதை அவர் பொருட்படுத்தவில்லை. தொடரின் நூல்கள் ஒரே நேர்கோட்டில் செல்பவையல்ல, ஒரே கருப்பொருளின் வெவ்வேறு விரிவுகள், அவை ஒரே பிரபஞ்சத்தில் நடப்பதாகக் கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை என்று பிற்பாடு அவரே எழுதினார்.

இந்த நாவலின் மிகச் சிறந்த பகுதி யூரோப்பாவில் நடக்கிறது. நீர் எடுப்பதற்காக அங்கே இறங்கிய சீன விண்கலத்தை, வெளிச்சத்தை நோக்கிப் பனிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வரும் ஓர் உயிர் நொறுக்கிவிடுகிறது. தப்பி நிற்கும் ஒரே விஞ்ஞானி, தம் குரல் எவருக்காவது எட்டுகிறதா என்பது தெரியாமலே, கண்டதையெல்லாம் வானொலியில் சொல்லிக்கொண்டே போகிறார். 1968 முடிவை இந்தக் காட்சி தொடவேயில்லை. நட்சத்திரக் குழந்தையின் மர்மத்தையும் அது விளக்கப் புறப்படவில்லை. பழைய கதை நடந்த வானத்தில் அப்போது தெரியாதிருந்த ஒன்று இப்போது தெரிய வந்திருக்கிறது, அதைச் சொல்ல அந்தக் கதை தேவைப்பட்டிருக்கிறது. வியாழன் ஒரு சிறு சூரியனாக எரியத் தொடங்கி, யூரோப்பாவில் மட்டும் மனிதர் இறங்கக் கூடாது என்ற கட்டளையோடு நாவல் முடிகையில், பழைய மௌனத்தின் அருகே புதிய மௌனம் ஒன்று வந்து சேர்கிறது.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. கிளார்க் அந்த நாவலைக் கொழும்பில் கணினியில் எழுதி ஒரே ஒரு வட்டில் நியூயோர்க்குக்கு அனுப்பினார், கடைசித் திருத்தங்கள் பாதுக்கையில் உள்ள செய்மதி நிலையத்தின் ஊடாகப் போயின. புவிநிலைச் சுற்றுப்பாதையில் செய்மதிகளை வைத்து உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அவர் என்பதை நினைக்கும்போது இந்தத் தகவல் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

அடுத்த இரண்டு நூல்களைச் சுருக்கமாகவே பார்க்கலாம். கலிலியோ விண்கலம் வியாழனை அடைந்து தரப்போகும் தகவல்களுக்காகக் காத்திருந்து மூன்றாவது நாவலை எழுதுவது கிளார்க்கின் எண்ணமாக இருந்தது. 1986 ஜனவரியில் சலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறியதால் கலிலியோவின் பயணம் தள்ளிப்போயிற்று. அவர் காத்திருக்கவில்லை. ஹேலி வால்நட்சத்திரம் 1986இல் வந்துபோனதையும், ஜியோட்டோ விண்கலம் அதன் கருவை அருகிலிருந்து படம் பிடித்ததையும் வைத்து ‘2061’ நாவலை 1987இல் வெளியிட்டார். அந்த நூலில் ஹேலியின் மீது மனிதர் நடக்கும் பக்கங்கள் உயிரோடு இருக்கின்றன, யூரோப்பாவில் கலம் ஒன்று வலிந்து இறக்கப்படும் பக்கங்கள் சோர்ந்து கிடக்கின்றன. புதிய தகவல் எங்கே இருந்ததோ அங்கே கதைக்கு மூச்சு இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரே நூலுக்குள் காண்பது அரிது. 1997இல் வந்த ‘3001’ நாவலில் டிஸ்கவரியில் போமனோடு போய் ஆயிரம் ஆண்டுகள் உறைந்து கிடந்த பிராங்க் பூல் உயிர்ப்பிக்கப்படுகிறான், கடைசியில் அந்தக் கரிய பலகை கணினி வைரஸ் ஒன்றால் முடக்கப்படுகிறது. 1968இல் நம்மை அண்ணாந்து பார்க்க வைத்த பொருளை இப்படிப் பழுதாகக்கூடிய ஓர் இயந்திரமாக்கியது அந்தத் தொடருக்கு நேர்ந்த உண்மையான இழப்பு என்று நான் கருதுகிறேன்.

ராமாவுக்குத் திரும்பியது

1973இல் வெளிவந்து விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ, நெபியூலா ஆகிய இரு விருதுகளையும் பெற்ற ‘ரெண்டேவூ வித் ராமா’ இதற்கு நேர்மாறான நிகழ்வு. 2131ஆம் ஆண்டில் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் பொருளொன்று, ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமுள்ள சுழலும் உருளை என்று தெரிகிறது. தளபதி நோர்ட்டனின் குழு அதற்குள் இறங்கிப் பார்க்கிறது. உள்ளே நகரங்கள் போன்ற அமைப்புகளும் உறைந்த கடலொன்றும் இருக்கின்றன. சூரியனை நெருங்கும்போது கடல் உருகுகிறது, வேலை செய்யும் உயிர்கள் தோன்றுகின்றன, மறைகின்றன. கட்டியவர்கள் யார், எங்கே போகிறார்கள், ஏன் வந்தார்கள் என்பதொன்றும் தெரிவதில்லை. ராமா சூரியனிடம் சக்தியைப் பெற்றுக்கொண்டு, மனிதரைத் திரும்பியும் பாராமல் போய்விடுகிறது. மனிதன் இந்தப் பிரபஞ்சத்தின் நடுவில் இல்லை என்ற உண்மையை இவ்வளவு நிதானமாகச் சொன்ன கதை வேறு எனக்குத் தெரியாது.

நாவலின் கடைசி வரி, ராமாவைச் செய்தவர்கள் எதையும் மூன்று மூன்றாகச் செய்பவர்கள் என்று நினைவூட்டுகிறது. தொடர்ச்சிக்கு விதை போடுவதற்காக அதை எழுதவில்லை, இறுதித் திருத்தத்தின்போது தோன்றியதைச் சேர்த்தேன் என்று கிளார்க் விளக்கியிருக்கிறார். ஆயினும் வாசகர் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டனர். அமெரிக்காவின் ஜெற் உந்துகை ஆய்வுகூடத்தில் பணியாற்றிய பொறியியலாளர் ஜென்ட்ரி லீயுடன் இணைந்து ‘ராமா டூ’ 1989இலும், ‘த கார்டன் ஒவ் ராமா’ 1991இலும், ‘ராமா ரிவீல்ட்’ 1993இலும் வெளியாயின. எழுத்தின் பெரும்பகுதி லீயுடையது. நிக்கோல் என்ற மருத்துவரும் அவருடைய குடும்பமும் கதையின் நடுவுக்கு வருகிறார்கள். குடும்பச் சச்சரவு, குடியேற்றம், சர்வாதிகாரம், போர் என்று பக்கங்கள் பெருகுகின்றன. முடிவில் ராமாவின் நோக்கமும் சொல்லப்பட்டுவிடுகிறது.

சொல்லப்பட்ட விடை நன்றா தீதா என்பது என் கேள்வி அல்ல. விடை என்ற ஒன்று வந்ததுமே 1973 நூலின் அடித்தளம் அசைந்துவிடுகிறது. ராமா நம்மைப் பொருட்படுத்தாமல் போனது என்பதே அந்த நூலின் உள்ளடக்கம். அது நம்மைக் கவனிக்கவே வந்தது என்று பின்னால் வரும் நூல் சொன்னால், முதல் நூலில் நாம் அடைந்த பிரமிப்பு நம் தவறான புரிதலாகச் சுருங்கிவிடுகிறது. யூரோப்பா விடயத்தில் வெளியுலகம் ஒரு புதிய செய்தியைக் கொண்டுவந்து கொடுத்தது. ராமா விடயத்தில் அப்படி எதுவும் வரவில்லை. ஆசிரியர் வேண்டுமென்றே விட்ட இடைவெளியே தொடர்ச்சிக்கான மூலப்பொருளாயிற்று.

இந்த இடத்தில் எங்கள் குழுவின் மூத்தவர், பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், என்னோடு மட்டுமல்ல எல்லோரோடும் மாறுபட்டார். ‘த கார்டன் ஒவ் ராமா’வில் இரண்டாயிரம் மனிதர் ராமாவுக்குள் கொண்டுபோய்க் குடியேற்றப்படுகிறார்கள். அவர்களுக்கென்று வீடுகளும் வேலைகளும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கின்றன, கொஞ்ச காலத்தில் அவர்களுக்குள்ளிருந்தே ஒருவன் எல்லாவற்றையும் தன் கைக்குள் கொண்டுவருகிறான். “டீச்சர், ராமா எங்கேருந்து வந்தா நமக்கென்ன? ஏத்திக்கிட்டுப் போயி எறக்கி விட்டாங்களே அந்த ரெண்டாயிரம் பேரு, அவங்களப் பாருங்க” என்றார் அவர். கப்பலில் ஏற்றி, மன்னாரில் இறக்கி, நடத்திக் கொண்டுவந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் குடியேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளான எங்களுக்கு அந்தப் பக்கங்கள் வேறு வாசகருக்குத் தராத ஒன்றைத் தருகின்றன என்பது அவர் வாதம். ஆசிரியை அதற்கு மறுமொழியாக, “சேர், நீங்க சொல்றது நல்ல கதைதான், ஆனா அதுக்கு ராமா எதுக்கு?” என்று கேட்டார். அதிபர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, ராமா இல்லாமலும் அந்தக் கதையை எழுதலாம் என்பதை ஒப்புக்கொண்டார், ஆனால் எழுதினால் எவன் வாசிப்பான் என்றும் கேட்டார். இந்தக் கடைசிக் கேள்வியை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பழைய பெயரின் நிழலில் புதிய கதை வெளிவருவதற்குப் பதிப்புலகில் வேறு விளக்கம் தேவையில்லை.

பெயர் விற்கும் என்பதற்கு 1982ஆம் ஆண்டே சாட்சி. ‘2010’ வெளியான அதே ஆண்டில் ஐசக் அசிமோவ், 1953இல் நிறைவு செய்திருந்த பவுண்டேஷன் தொடருக்கு ‘பவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ மூலம் திரும்பினார். இரண்டும் ஹியூகோ விருதுக்குப் போட்டியிட்டன, அசிமோவின் நூல் வென்றது. 1986இல் அடுத்த நூலை எழுதிய பிறகு கதையை மேலே கொண்டுசெல்லும் வழி புலப்படாததால் அவர் பின்னோக்கிச் சென்று தொடரின் முற்காலத்தை எழுதினார். விருதும் விற்பனையும் திரும்பியது சரி என்பதற்கு ஆதாரமாகா என்று நான் கருதுவது இதனால்தான்.

தமிழில் இதே கேள்விக்குச் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் ‘மீண்டும் ஜீனோ’வும் எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. முதல் நாவலில் ஜீவா என்ற தலைவரைச் சுற்றிய அரசியல் மர்மம் அவிழ்ந்ததோடு அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது. நிலாவின் துணையாக வந்த ஜீனோ என்ற இயந்திர நாயோ தீரவில்லை, இரண்டாவது நாவலில் அது தலைப்பையே எடுத்துக்கொண்டது. தீர்ந்ததை மீண்டும் கிண்டாமல் தீராததைப் பற்றிக்கொண்ட தொடர்ச்சி என்பதால்தான் எங்கள் குழுவில் இரண்டையும் வாசித்த ஒருவர்கூட இரண்டாவது வந்திருக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

திரும்பாத மலை

‘த பவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்’ 1979இல் வெளிவந்து ஹியூகோ, நெபியூலா இரண்டையும் பெற்றது. நாவலின் தீவுக்கு தப்ரபேன் என்று பெயர், மலைக்கு ஸ்ரீகந்த என்று பெயர். சிவனொளிபாதமலையை அறிந்த எவருக்கும் அது எந்த மலை என்று சொல்லத் தேவையில்லை. புவியிலிருந்து விண்வெளிக்குச் செல்லும் உயர்த்தி ஒன்றைக் கட்ட வான்னெவர் மோர்கன் என்ற பொறியியலாளர் முயல்கிறார். அத்தகைய கோபுரம் மத்திய கோட்டிலிருந்து எழுந்து 35,786 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள புவிநிலைச் சுற்றுப்பாதையைத் தாண்டிச் செல்ல வேண்டும். அதனால் கிளார்க் நம் தீவை ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, 2,243 மீற்றர் உயரமான மலையை இரண்டு மடங்காக்கி, சீகிரியாவை ஒத்த யக்ககலவுக்கு அருகிலும் கொண்டுவந்தார்.

மலையுச்சியில் மடாலயம் இருப்பதால் கோபுரம் கட்ட முடியவில்லை. வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடையும் நாளில் துறவிகள் மலையை விட்டுப் போக வேண்டும் என்று ஒரு பழைய வாக்கு உண்டு. வண்ணத்துப்பூச்சிகள் மலையை நோக்கிக் கூட்டமாகப் பறந்து செல்வதைப் பற்றி இங்கே வழிவழியாக இருந்துவரும் நம்பிக்கையை அறிந்தவர்களுக்கு இந்த இடம் சிலிர்ப்பைத் தரும். விண்ணிலிருந்து காலநிலையைக் கையாளும் முயற்சியில் எழுந்த பெருங்காற்று அவற்றை உச்சிக்கு அடித்துக்கொண்டு வருகிறது, துறவிகள் வாக்கை மதித்து வெளியேறுகிறார்கள். கோபுரம் எழுகிறது. பாதி கட்டிய கோபுரத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றிய பின் மோர்கன் இதயம் நின்று இறக்கிறார். அதன்பின் கதை வெகுதூரக் காலத்துக்குத் தாவி, சூரியன் குளிர்ந்து பனி மூடிய பூமியையும் அதைச் சுற்றி அமைந்த வளையத்தையும் காட்டி முடிகிறது. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு எழுந்து போன முடிவு அது. கிளார்க் இதற்குப் பிறகு இன்னும் 29 ஆண்டுகள் வாழ்ந்தும் அங்கே திரும்பவில்லை. விண் உயர்த்தி என்ற எண்ணத்தை மட்டும் ‘3001’ நாவலில் எடுத்துக்கொண்டார்.

இந்த முடிவு நிறைவானது என்பதை நான் மறுக்கவில்லை. முதன்முறை வாசித்தபோது எனக்கிருந்த நிறைவு இன்றும் குறையவில்லை. ஆனால் ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பாதையில் இருபுறமும் தேயிலைதான். அந்த மலையின் காலடி முழுவதும் தோட்டங்கள், தோட்டங்களில் லயங்கள், லயங்களில் மக்கள். நாவலில் மோர்கன் இருக்கிறார், ஓய்வுபெற்ற இராஜதந்திரி ராஜசிங்க இருக்கிறார், மகாதேரர் இருக்கிறார், தொல்பொருளாய்வாளர் இருக்கிறார். கொழுந்து பறிக்கும் கூடையோடு நிற்கும் எவரும் முக்கியப் பாத்திரமாக இல்லை. உச்சியிலிருந்து சில துறவிகள் இறங்குவது நாவலின் பெரிய நெருக்கடி. நாவல் வெளிவந்த அதே ஆண்டுகளில் மலையடிவாரத்திலிருந்து உண்மையாகவே மக்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 300,000 பேரை இலங்கை ஏற்பதாகவும் பங்கிடப்பட்டது. அதன்படி அனுப்பப்பட்டவர்கள் மலைநாட்டு ரயில் நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்குப் போனார்கள். வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் அந்த ரயிலை இங்கே இன்றும் ஒப்பாரிக் கோச்சி என்றே சொல்கிறார்கள். எங்கள் குழுவில் அதில் உறவினரை அனுப்பாத குடும்பம் ஏதும் இல்லை.

கிளார்க்கைக் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. தொலைவில் உள்ள நட்சத்திரங்களைப் பார்த்து எழுதியவர் அவர், அந்தப் பார்வை எங்களுக்குத் தந்தது மிக அதிகம். நான் சொல்ல வருவது, நிறைவாக முடிந்த இந்த நாவலுக்கும் கேட்கப்படாத ஒரு கேள்வி வெளியிலிருந்து வந்து நிற்கிறது என்பதே. நாவல் வேண்டுமென்றே விட்ட மௌனம் இது அன்று, அதன் கண்ணில் படாத இடம். யூரோப்பாவின் பனி 1968 நாவலின் கண்ணில் படாமல் இருந்தது போன்றதே இதுவும். வொயேஜர் அனுப்பிய படங்கள் கிளார்க்கைத் திரும்ப வைத்தது நியாயம் என்றால், இந்த மலையடிவாரத்தின் வரலாறு யாரையாவது அந்த மலைக்குத் திரும்ப வைப்பதும் நியாயமே.

ஆக, இந்த மூன்று நிகழ்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இது. பழைய முடிவுக்குப் பிறகு உலகில் தெரியவந்த ஒன்று, அல்லது அந்த முடிவு எண்ணிப் பார்க்காத ஒருவரின் கேள்வி, கதையை மீண்டும் அழைத்தால் திரும்பலாம். முடிவு தெரிந்தே மூடிவைத்ததைத் திறந்து காட்டுவதற்காகத் திரும்பினால் பழைய நூலும் சேர்ந்து சேதமாகிறது.

இந்த அளவுகோலை இன்றைய நிலைக்குப் பொருத்தும்போது ராமாவைப் பற்றிய என் தீர்ப்பையே நான் ஓரளவு திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2017 ஒக்டோபரில் ஹவாயில் உள்ள தொலைநோக்கி ஒன்று, சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதலாவது பொருளைக் கண்டறிந்தது. அதற்கு ஓமுவாமுவா என்று பெயரிடப்பட்டது. பின்னர் 2019இல் போரிசோவ் வால்நட்சத்திரமும் 2025 ஜூலையில் மூன்றாவது பொருளொன்றும் கண்டறியப்பட்டன. 1989இல் ‘ராமா டூ’ எழுதப்பட்டபோது இவற்றில் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. வேறு நட்சத்திரங்களிடமிருந்து வரும் பொருள்கள் நம்மிடையே உண்மையாகவே கடந்து செல்கின்றன என்பது இப்போது அளந்தறிந்த உண்மை. ராமாவைக் கண்டுபிடிப்பதாக 1973 நாவல் சொன்ன ஸ்பேஸ்கார்ட் என்ற கண்காணிப்பின் பெயரை, பூமியில் மோதக்கூடிய விண்கற்களைத் தேடும் பணிக்கு அறிவியலாளர்களே பின்னர் எடுத்துக்கொண்டார்கள். திரைப்பட இயக்குநர் டெனி வில்நெவ் இந்த நாவலைப் படமாக்கப் போவதாக 2021இல் அறிவிக்கப்பட்டிருப்பதால், படம் வந்து வெற்றி பெற்றால் தொடர்ச்சிக்கான கோரிக்கையும் நிச்சயம் வரும். அப்போது லீயின் நூல்களைத் தூசு தட்டி எடுப்பதைவிட, இந்தப் புதிய பொருள்கள் எழுப்பும் கேள்விகளிலிருந்து தொடங்குவதே 1973 நூலுக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும், அப்போதும் ராமாவைக் கட்டியவர்கள் முகம் காட்டக் கூடாது. யூரோப்பாவைப் பொறுத்தவரை, 2024 ஒக்டோபரில் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030இல் வியாழனை அடைய இருக்கிறது. அது கொண்டுவரும் செய்தியைப் பார்த்த பின் அந்தக் கதைக்கும் புதிய அழைப்பு வரலாம், வராமலும் போகலாம்.

மலைக்குத் திரும்புவது பற்றிய பேச்சு எங்கள் குழுவில் பேச்சோடு நிற்கவில்லை. ஆசிரியையின் மாணவர்களில் ஒருவர், மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்திலிருந்து வருபவர், இரண்டு அத்தியாயங்கள் எழுதிக் கொண்டுவந்தார். விடியற்காலையில் தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது கீழே இன்னும் இருட்டாக இருக்கிறது, கோபுரத்தின் மேல்பகுதியோ சூரிய ஒளியில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது, அந்த வெளிச்சத்தில் பெயர் கூப்பிடுகிறார்கள். கோபுரத்தின் அடித்தளத்துக்காக எந்தெந்த லயங்கள் எடுக்கப்படும் என்ற பட்டியலை அன்றைக்கு வாசிக்கப் போகிறார்கள். கதை அங்கே தொடங்குகிறது. அதிபர் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அதில் மோர்கனின் பெயர் இருந்தது, தப்ரபேன் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இந்த நாட்டில் ஓர் ஆசிரியரின் படைப்புரிமை அவர் வாழ்நாளுக்குப் பிறகும் 70 ஆண்டுகள் பாதுகாக்கப்படுகிறது, எனவே கிளார்க்கின் பாத்திரங்களை அனுமதியின்றி எடுத்தாள்வதற்கு 2078 முடியும்வரை வழியில்லை என்பதை மாணவருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் வருத்தப்படவில்லை. மோர்கனை விட்டுவிடுகிறேன், தீவையும் அது இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன், எனக்கு வேண்டியது மலைதான் என்றார். ஆனால் சிவனொளிபாதமலை மத்திய கோட்டிலிருந்து ஏறத்தாழ 6.8 பாகை வடக்கே இருக்கிறது. அங்கிருந்து எழும் கோபுரம் செங்குத்தாக நிற்காது, தெற்கே மத்திய கோட்டுத் தளத்தை நோக்கி வளைந்தே மேலே போகும், அடியில் அதை இறுக்கிப் பிடித்திருக்கும் விசையும் பக்கவாட்டில் இழுக்கும். அந்த விசை எவ்வளவு, அதைத் தாங்க எத்தனை தோட்டங்களின் நிலம் நங்கூரமாகத் தேவைப்படும் என்று கணக்கிட்டுக் கொண்டுவரும்படி ஆசிரியை அவரிடம் சொல்லியிருக்கிறார். பட்டியலில் எத்தனை லயங்கள் வரும் என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பதால், அதை முடிக்கும்வரை மூன்றாவது அத்தியாயத்தைத் தொடங்குவதில்லை என்று மாணவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.